குச்சி அடுக்கிய சிறுமிகளுக்கு அறுபது வயது

கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம் வட்டாரத்தில் எந்த ஊர் மந்தையில் போய் உட்கார்ந்தாலும் ஒரு முறையீடு காதில் விழும்: "வேலைக்கு ஆளு கெடைக்க மாட்டேங்கு." உளுந்துக் காட்டில் களை மண்டிக் கிடக்கிறது, எடுக்க ஆள் இல்லை. பருத்தி வெடித்து நிற்கிறது, பறிக்க ஆள் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேன் நாலு ஊர் சுற்றியும் நிறையாமல் திரும்புகிறது. காரணத்தையும் கையோடு சொல்லிவிடுவார்கள். நூறு நாள் வேலை கெடுத்துவிட்டது, ரேஷன் அரிசி சோம்பேறி ஆக்கிவிட்டது, இளவட்டங்களுக்குச் செல்போன் இருந்தால் போதும் என்பார்கள். சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் காட்டில் நட்டப்பட்டவர்கள் தங்கள் கண்ணில் பட்டதைச் சொல்கிறார்கள். ஆனால் காட்டில் குனிந்து நிற்கிறவர்களுக்கு என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கரிசல் மண்ணின் ஆள் பஞ்சத்தை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

முதலில் மாநிலக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் நூற்றுக்கு 10.4 பேர். மத்திய அரசின் வல்லுநர் குழு கணித்தபடி இது 2021இல் 13.6 ஆகவும் 2031இல் 18.2 ஆகவும் உயரும். இந்தியச் சராசரி அதே ஆண்டுகளில் 10.1, 13.1. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் கூடிய மாநிலம் நம்முடையது. பிறப்பு எதிர்த்திசையில் போயிருக்கிறது. 1992-93இல் எடுத்த முதல் தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 2.5 குழந்தைகள். மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020 கணக்கில் அது 1.4. ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை குறையாமல் நிரப்ப 2.1 வேண்டும். 1.4 நீடித்தால் நூறு பேர் இருந்த இடத்தில் அடுத்து வருவோர் அறுபத்தேழு பேர்தான்.

இந்த அறுபத்தேழு என்பது வரப்போகும் காலத்தின் கணக்கு. 2020இல் பிறந்த குழந்தை வேலைக்கு வர 2040 ஆகும். இன்றைய ஆள் பஞ்சத்தின் வேர் 1990களில் இருக்கிறது. அப்போதே தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 2.1 என்ற அந்த ஈடு அளவுக்கு வந்துவிட்டது. இன்று இருபத்தைந்து, முப்பது வயதில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒற்றைப் பிள்ளையாகவோ இருவரில் ஒருவராகவோ பிறந்தவர்கள். அவர்களின் பெற்றோர் தலைமுறையில் ஐந்தாறு பேர் உடன்பிறந்திருப்பார்கள். அந்த ஐந்தாறு பேரில் மூவர் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனாலும் ஊரில் இருவர் தங்கினார்கள். இருவர் இருக்கும் வீட்டில் இருவரும் கிளம்பிவிட்டால் ஊரில் தங்குவது தகப்பனும் தாயும்தான்.

ஆகவே மாநிலச் சராசரியை வைத்துக் கரிசல் ஊர்களை அளக்கக் கூடாது. சென்னையையும் திருப்பூரையும் இளமையாக வைத்திருக்கிறவர்கள் இங்கிருந்து போனவர்களே. வெளியேற்றம் இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணிகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்திலேயே வானம் பொய்த்த வருடங்களில் ஊர்கள் காலியாயின. அன்று போனவர்களின் இடத்தில் அடுத்த ஆண்டே வேறு பிள்ளைகள் வளர்ந்து நின்றார்கள், இன்று அந்த நிரப்பு நின்றுவிட்டது. ஊர்வாரியாக எத்தனை முதியவர்கள், அவர்களில் எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பதற்குக் கடைசியாக எடுத்த முழுக்கணக்கு 2011உடையது. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து அடுத்தது அறிவிக்கப்பட்டிருக்கிறது. பதினாறு ஆண்டுகள் பழைய ஊர்ப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் திட்டம் தீட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆள் குறைவது தஞ்சாவூருக்கும் உண்டு, தேனிக்கும் உண்டு. கரிசலில் அது கூடுதலாக வலிப்பதற்கு மண்ணும் மழையும் காரணம். இது மானாவாரி நிலம். கிணறு, கண்மாய்ப் பாசனம் உள்ள திட்டுகள் போக, மற்றதெல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. புரட்டாசியில் நிலத்தை ஆயத்தம் செய்து, மழை இறங்கியதும் உளுந்து, பாசி, கம்பு, சோளம், மக்காச்சோளம், பருத்தி, மல்லி, மிளகாய் என்று ஊர் முழுக்க ஒரே வாரத்தில் விதைக்கிறார்கள். விதைப்பு ஒரே வாரத்தில் என்றால் களை எடுப்பும் ஒரே வாரத்தில்தான். ஆற்றுப் பாசனத்தில் மடைக்கு மடை நாள் தள்ளிப்போகும், ஒரே கூட்டம் ஆட்கள் வயல் வயலாக மாறி வேலை செய்யலாம். இங்கே அதற்கு வழியில்லை. கரிசல் மண் நனைந்தால் காலை உள்ளே இழுக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். இந்த இரண்டுக்கும் இடையில், மண் பதமாக இருக்கும் சில நாள்களுக்குள் களையைப் பிடுங்கியாக வேண்டும். அந்தச் சில நாள்களில் சம்சாரிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஆள் தேடுகிறார்கள். வருடம் முழுக்கப் பார்த்தால் ஊரில் வேலையைவிட ஆட்கள்தான் அதிகம், அந்தப் பத்து நாளில் மட்டும் ஆட்களைவிட வேலை அதிகம். வருடக் கணக்கைப் பார்க்கும் பொருளாதார அறிக்கைகளில் இந்தப் பத்து நாள் தெரிவதில்லை.

வயது இங்கேதான் உள்ளே வருகிறது. இருபத்தைந்து வயதுப் பெண் விடிகாலையில் இறங்கிப் பொழுது சாயும்வரை குனிந்த முதுகோடு களை எடுப்பாள். அறுபத்திரண்டு வயதுப் பெண்ணும் எடுப்பாள், ஆனால் அதே நிலத்துக்கு ஒன்றரை நாள் ஆகும். ஆள் எண்ணிக்கை மாறாமலே இருந்தாலும் வேலை முடியும் நாள் தள்ளிப்போகிறது, களை முந்திக்கொள்கிறது. மக்கள்தொகை முதுமை அடைவது உழைப்பாளர் வரத்தைக் குறைக்கும் என்று பொதுவாகச் சொல்லும்போது தலைகளின் எண்ணிக்கையைத்தான் நினைக்கிறோம். கரிசலில் தலைகளுக்கு முன்னால் குறைவது வேகம். ஓரிடத்தில் அவசரமாகக் குவிக்கக்கூடிய உழைப்பு குறைந்துபோகிறது. இப்போது பெரிய சம்சாரிகள் பக்கத்து ஒன்றியங்களிலிருந்து குட்டியானை வண்டியில் ஆட்களை ஏற்றி வருகிறார்கள், சின்ன சம்சாரிக்கு அந்தச் செலவு தாங்காது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளர் கையில் இருக்கும் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அவர்களில் எத்தனையோ பேர் தாங்களே அறுபதைத் தாண்டியவர்கள்.

ஆள் இல்லாததற்கு ஏற்றபடி பயிரே மாறிக்கொண்டு வருகிறது. கோவில்பட்டியில் 1891இல் நூற்பாலை வந்ததும், 1901இல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும் இந்த மண்ணின் பருத்தியை நம்பித்தான். கருங்கண்ணி என்பதே இந்தப் பக்கத்துப் பருத்தியின் பெயர். பருத்தி ஒரே நாளில் அறுத்து முடிக்கிற வெள்ளாமை இல்லை, வெடிக்க வெடிக்கப் பலமுறை பறிக்க வேண்டும். பறிப்பது முழுக்கப் பெண்கள் வேலை. அந்தப் பெண்கள் குறைந்ததும், விதைக்கவும் அடிக்கவும் இயந்திரம் உள்ள மக்காச்சோளம் காடுகளைப் பிடித்துக்கொண்டது. களைக்கொல்லி வந்து களைவெட்டியை ஓரம் கட்டியது. ஆனால் மக்காச்சோளத்துக்குக் காட்டுப்பன்றி வரும். ராத்திரி முழுக்கக் காட்டில் கிடந்து விரட்ட இளந்தாரிகள் வேண்டும். அவர்கள் இல்லாத வீட்டில் எழுபது வயதுக்காரர் டார்ச் லைட்டோடு வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வருடம், இரண்டு வருடம் அப்படிப் பார்ப்பார். மூன்றாம் வருடம் நிலம் தரிசாகும். தரிசுக்குள் சீமைக் கருவேலம் ஏறிவிட்டால் அதை வெட்டி எடுத்து மீண்டும் உழுவதற்கு ஆகும் செலவு அந்த வருடத்து விளைச்சலைவிட அதிகம். அப்படிப் போன நிலம் வெள்ளாமைக்குத் திரும்புவது அரிது. முதுமை உழைப்பாளரை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை, நிலத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது.

ஆனாலும் கரிசலின் முதுமைக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது காட்டில் இல்லை, தீப்பெட்டி ஆபீஸில் இருக்கிறது. தீப்பெட்டித் தொழிற்சாலையை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வது. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்றுவந்தார்கள். சிவகாசியில் தொடங்கியது சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவியது. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, வெள்ளாமை நிச்சயமில்லை, கைகள் நிறைய என்ற நான்கும் சேர்ந்த இடம் இது. வரிக் கொள்கையும் துணைநின்றது. இயந்திரத்தில் செய்யும் பெரிய ஆலைகளைவிடக் கையால் செய்யும் சிறு ஆலைகளுக்கு உற்பத்தி வரி குறைவாக இருந்ததால், கை இருக்கும்வரை இயந்திரம் தேவைப்படவில்லை. துளையிட்ட சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அதன் தலையை மருந்தில் முக்கி, காயவைத்து, பெட்டியில் அடைத்து, லேபிள் ஒட்டி, பண்டல் போட வேண்டும். இதில் குச்சி அடுக்குவதற்கும் பெட்டி அடைப்பதற்கும் மெல்லிய விரல்கள் தோதாக இருக்கும் என்று சொல்லிச் சொல்லியே சிறுமிகளைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். உண்மையில் தோதாக இருந்தது அவர்களுக்குக் கொடுத்த கூலி.

விடியும் முன்பே வேன் ஊருக்குள் வந்து பிள்ளைகளை எழுப்பி ஏற்றிக்கொண்டு போனது. இருட்டிய பிறகு கொண்டுவந்து விட்டது. 1976இல் சிவகாசிப் பகுதியில் அப்படிப் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற வண்டி விபத்துக்குள்ளாகிப் பலர் இறந்தபோது அரசு ஹர்பன்ஸ் சிங் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. 1983இல் ஸ்மிது கோத்தாரி பம்பாயிலிருந்து வெளிவரும் 'எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை நாட்டின் பிற பகுதிகளுக்கு இதைத் தெரியவைத்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு விலக்குக் கொடுத்தது. பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைகளில் தொடர்ந்தது அந்த விலக்கின் வழியாகத்தான். 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கரிசல்காரரான பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' அந்தக் காலத்துத் தீப்பெட்டிப் பிள்ளைகளைப் பற்றிய படம்.

இந்த ஆண்டுகளை நாம் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பின் வரலாறாகப் படித்து முடித்துவிட்டோம். அதே ஆண்டுகளை வயதோடு சேர்த்து இன்னொரு முறை படிக்க வேண்டும். 1976இல் பத்து வயதில் வேனில் ஏறிய சிறுமிக்கு 2026இல் அறுபது வயது. 1986இல் சட்டம் வந்தபோது பத்து வயதாக இருந்தவள் 2036இல் அறுபதைத் தொடுவாள். தமிழ்நாட்டின் முதியோர் விகிதம் வேகமாக ஏறும் பத்தாண்டும், குச்சி அடுக்கிய சிறுமிகளின் தலைமுறை முதுமைக்குள் நுழையும் பத்தாண்டும் ஒன்றுதான். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் உழைத்தவர்கள், ஓய்வெடுக்க வேண்டிய வயதிலும் உழைக்கிறார்கள். கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் இன்று பண்டல் போட்டுக்கொண்டும் பெட்டி அடைத்துக்கொண்டும் இருக்கிற நரைத்த தலைகளில் பலர் அதே வேலையில் ஐம்பது வருடம் போனவர்கள். இந்தியத் தொழில் வரலாற்றில் ஒரே தலைமுறை இரண்டு முனைகளிலும் இப்படிச் சுரண்டப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறிந்ததில்லை.

இவர்களுக்குக் கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக்குத்தான், இத்தனை கட்டுக்கு இவ்வளவு என்று. வயதாகும்போது பார்வை மங்கும், விரல் மரத்துப்போகும், முட்டி மடங்காது. காலையில் வந்து மாலைவரை உட்கார்ந்திருக்கும் நேரம் குறையாது, எண்ணிக்கை மட்டும் குறையும். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். ஆக, முதுமையின் செலவு முழுவதையும் தொழிலாளியே சுமக்கிறாள், ஆலைக்கு அதில் நட்டமில்லை. அதனால்தான் ஆலை அவளை நிறுத்துவதுமில்லை. நாள்கூலிக்கு ஆள் வைக்கும் சம்சாரியின் நிலை வேறு. மெதுவாகக் களை எடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர் பையிலிருந்து போகிறது. எனவே அவர் இளம் ஆட்களைத் தேடுகிறார், இல்லையென்றால் மொத்தமாகப் பேசிக் காண்ட்ராக்ட் விடுகிறார், இல்லையென்றால் இயந்திரத்துக்குப் போகிறார். ஒரே ஊரின் ஒரே முதுமை, கூலி கொடுக்கும் முறையைப் பொறுத்து வேறு வேறு ஆள் தலையில் விழுகிறது. ஆள் இல்லை என்ற கூப்பாடு காட்டிலிருந்து உரக்கக் கேட்பதும், ஆபீஸுக்குள் இருக்கும் முதுமை வெளியே தெரியாமலிருப்பதும் இதனால்தான்.

மகள்கள் எங்கே? மகள்கள் படிக்கப் போனார்கள். அம்மாக்கள் தங்கள் விரல்களைத் தேய்த்துத்தான் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1982இல் தொடங்கிய சத்துணவும், 1990களில் குழந்தைத் தொழிலாளர்களுக்காக நடத்திய சிறப்புப் பள்ளிகளும், ஊருக்குப் பக்கத்தில் வந்த உயர்நிலைப் பள்ளிகளும் சேர்ந்து செய்த வேலை இது. உயர்கல்வி குறித்த 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய ஆய்வில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47, நாட்டின் சராசரி 28.4. கோவில்பட்டியிலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது. தூத்துக்குடி சிப்காட்டில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. டிப்ளமோ முடித்த பெண் அங்கே போகப் பார்ப்பாளா, உளுந்துக் காட்டுக்கு வருவாளா? ஆள் பஞ்சம் என்று நாம் புலம்புகிற பொருளின் ஒரு பாதி, இந்தப் பிள்ளைகள் குச்சி அடுக்கப் போகாமல் தப்பித்ததுதான். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. மலிவான கைகள் தீர்ந்துபோனால், கைகளுக்கு விலை கூட வேண்டும். பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ் 1954இலேயே எழுதியது இதைத்தான். கிராமத்தில் உபரியாகக் கிடக்கும் உழைப்பு தீரும்வரை கூலி ஏறாது, தீர்ந்த பிறகு ஏறியே ஆக வேண்டும்.

கூலி போதிய அளவு ஏறவில்லை, அதற்குப் பதில் இயந்திரம் வந்தது. அதற்கும் வயதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 18 சதவீதம் என்று வைத்தார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் 12 சதவீதம் ஆக்கினார்கள். கை உழைப்புக்கு இருந்த வரிச் சலுகை அத்தோடு போயிற்று. தீப்பெட்டியின் விலையோ 2007இல் ஒரு ரூபாய் ஆனது, 2021 டிசம்பர் 1 அன்றுதான் இரண்டு ரூபாய் ஆனது. இடைப்பட்ட பதினான்கு வருடமும் மெழுகு, பாஸ்பரஸ், அட்டை, மரம் எல்லாம் விலை ஏற, ஏறாமல் பிடித்துவைக்கக்கூடியதாக இருந்தது கூலி ஒன்றுதான். கூலி ஏறாத தொழிலுக்கு இளையவர்கள் வரவில்லை. வராததால் தொழிலுக்கு வயதாயிற்று, வயதானதால் இயந்திரம் வாங்கினார்கள். முதல் வளையம் கூலி என்பதை மறைத்துவிட்டு, கடைசி வளையமான முதுமையைக் காரணம் காட்டுவது சரியில்லை.

நூறு நாள் வேலைக்கு வருவோம். ஊரக வேலை உறுதிச் சட்டம் 2008 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டத்துக்கும் வந்தது. தமிழ்நாட்டில் இந்த வேலையில் எண்பது சதவீதத்துக்கும் மேல் பெண்கள். கண்மாய்க் கரையில் மண் சுமக்கும் அந்தக் கூட்டத்தை யாரும் போய்ப் பார்க்கலாம். பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். காட்டு வேலையின் வேகத்துக்கு இனி ஈடுகொடுக்க முடியாதவர்களுக்கு, தங்கள் வேகத்தில் செய்யக் கிடைத்த வேலை இது. 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வைத்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய், அளந்து போடும்போது கைக்கு வருவது அதற்கும் கீழே. இது சம்சாரிகளிடமிருந்து ஆட்களைப் பறித்தது என்பதில் ஓரளவு உண்மை உண்டு: கூலி இதற்குக் கீழே இறங்க முடியாதபடி ஒரு தரை போட்டது. ஆனால் இந்த வேலையை நிறுத்தினால் ஆட்கள் காட்டுக்கு வந்துவிடுவார்கள் என்பது வயதைப் பார்க்காத கணக்கு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டம் நாள்களை 125 ஆக்கியது, கூடவே விதைப்பும் அறுப்பும் நடக்கும் பருவத்தில் மொத்தம் 60 நாள் இந்த வேலையை நிறுத்திவைக்கவும் வகை செய்தது. அந்த அறுபது நாளில் அறுபத்தைந்து வயதுக்காரி இருபது வயது முதுகோடு காட்டில் இறங்கப் போவதில்லை. அந்த அறுபது நாள் வருமானத்தை மட்டும் இழப்பாள்.

முதியோர் ஏன் உழைப்பை நிறுத்துவதில்லை என்பதற்கு விடை ஓய்வூதியத்தில் இருக்கிறது. 2017-18இல் நாடு முழுக்க எடுத்த முதுமை குறித்த நெடுங்கால ஆய்வில், அறுபதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். விரும்பி உழைப்பவர்களும் அதில் உண்டு. கரிசலில் விருப்பத்துக்கு இடம் குறைவு. இந்தியாவிலேயே முன்னோடியாக 1962இல் மாதம் 20 ரூபாய் என்று முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிய மாநிலங்களில் ஒன்று நம்முடையது. 2011இல் 1,000 ரூபாய், 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய். பன்னிரண்டு ஆண்டில் ஏறியது இருநூறு ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு எண்பது வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு 200 ரூபாய்தான். வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம் என்றால் பத்து வருடச் சந்தா இருக்க வேண்டும், குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். ஐம்பது வருடம் தீப்பெட்டி செய்தாலும், ஆபீஸ் மாறி மாறிப் போனவர்களுக்கும் வீட்டில் பெட்டி ஒட்டியவர்களுக்கும் ஏட்டில் பத்து வருடம் சேர்ந்திருப்பதில்லை. பதிவு வைக்காமல் வேலை வாங்கியதன் விளைவு இப்போது தெரிகிறது.

ஜப்பானை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். அங்கே அறுபத்தைந்தைத் தாண்டியவர்களில் நால்வரில் ஒருவர் வேலையில் இருக்கிறார். 2021 ஏப்ரல் முதல் நிறுவனங்கள் தொழிலாளருக்கு எழுபது வயதுவரை வேலை தர முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஜப்பானிய முதியவர் கையில் ஓய்வூதியம் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். வேலையை விட்டால் அவருக்கு வருமானம் குறையும், இங்கே விட்டால் அடுப்பு அணையும். இரண்டையும் ஒரே அட்டவணையில் "முதியோர் உழைப்புப் பங்கேற்பு" என்று போட்டுப் பெருமைப்பட்டுக்கொள்ள எதுவுமில்லை.

முதுமை இன்னொரு வழியாகவும் ஆட்களைக் குறைக்கிறது. வீட்டில் மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டால் நாற்பது வயது மருமகளின் வேலை அன்றோடு நிற்கும். முன்பு நாலு மருமகள்கள் முறைவைத்துப் பார்த்ததை இன்று ஒருத்தி பார்க்கிறாள். நடமாட்டமுள்ள ஆச்சி ஒருத்தி வீட்டில் இருந்தாலோ பேரப்பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டு மகள் நூற்பாலைக்கோ ஜவுளிக்கடைக்கோ போகிறாள். 2021 மே முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது அந்தப் பயணத்தை எளிதாக்கியது. ஆகவே முதியவரின் முட்டியும் கண்ணும் அவருடைய சொந்த விஷயம் மட்டும் இல்லை, அவருக்குப் பின்னால் இருக்கும் இளைய பெண்ணின் உழைப்பும் அதைப் பொறுத்தது. கண்புரை அறுவையும் முட்டிச் சிகிச்சையும் ஒன்றிய அளவில் கிடைப்பது தொழில் கொள்கையின் பகுதியாக வேண்டும் என்று சொன்னால் இன்னும் சிலர் வியக்கிறார்கள்.

வடமாநிலத்தவர் வந்து நிரப்புவார்கள் என்பது இப்போதைய நம்பிக்கை. தமிழ்நாட்டு நூற்பாலைகளும் கட்டுமானமும் அவர்களால் நடக்கின்றன. ஆனால் மழை விழுந்த பத்து நாளுக்காக அவர்கள் கரிசலில் காத்திருக்க மாட்டார்கள். 2019-21 குடும்பநல ஆய்வில் பீகாரில் பெண் ஒருவருக்குச் சராசரியாக 3.0 குழந்தைகள், அதுவும் இறங்கிக்கொண்டு வருகிறது. அந்த ஊற்றும் ஒருநாள் வற்றும். அதிகக் குழந்தைகள் பெறுங்கள் என்ற பேச்சும் 2024 அக்டோபரில் ஆந்திர, தமிழ்நாட்டு முதலமைச்சர்களிடமிருந்து வந்தது. தொகுதி மறுவரையறை பற்றிய தமிழ்நாட்டின் கவலை நியாயமானது. ஆள் பஞ்சத்துக்கு அது மருந்தாகாது. இன்று பிறக்கும் பிள்ளை 2045க்கு முன் வேலைக்கு வராது. படித்துவிட்டு வரும்போது களைவெட்டியைக் கையில் எடுக்காது, எடுக்கவும் வேண்டாம்.

செய்ய வேண்டியவை வேறு. களை எடுப்புக்கும் விதைப்புக்கும் கரிசல் மண்ணில் ஓடும் சிறு இயந்திரங்கள், ஊராட்சி அளவில், சின்ன சம்சாரிக்கு முதல் பத்து நாளிலேயே வாடகைக்குக் கிடைக்க வேண்டும். பெரிய காட்டை முடித்துவிட்டு மிச்ச நாளில் வரும் டிராக்டரால் பயனில்லை. தீப்பெட்டித் தொழிலில் முப்பது, நாற்பது வருடம் உழைத்தவர்களை, ஏட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊர் விசாரணையின் அடிப்படையில் பதிந்து, தனி ஓய்வூதியம் கொடுக்க வேண்டும். அவர்கள் சிறுமிகளாக இருந்தபோது சட்டமும் அரசும் காக்கத் தவறிய கடனுக்கு இது ஒரு பகுதி ஈடு. பொது முதியோர் உதவித்தொகையை விலைவாசியோடு ஏறும்படி கட்ட வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 2011 கணக்கெடுப்பில், கடந்த ஓராண்டில் எப்போதாவது வேலை செய்தாரா என்ற கேள்வி இருந்தது. நம் வீடுகளில் பாட்டிக்கும் அம்மாவுக்கும் அந்தக் கேள்வி வரும்போது "சும்மா வீட்டுலதான் இருக்காங்க" என்று வாசலில் நின்ற நாமே பதில் சொல்லிவிட்டோம். பெட்டி ஒட்டியதும், களை எடுத்ததும், ஆடு மேய்த்ததும், கண்மாயில் மண் சுமந்ததும் கணக்கில் ஏறவில்லை. 2027 தொடக்கத்தில் கணக்கெடுப்பவர் வரும்போது அந்தப் பெண்ணையே கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். அவர் செய்யும் வேலையையும் செய்த மாதங்களையும் ஒன்று விடாமல் எழுதவையுங்கள்.